சாமி என் கழுத்தை அளந்த நாள்

குடிப்பவனைத் திருத்த ஒரு துளசிமணி மாலை போதும் என்று நம்பிய மனிதன் நான். மாலைக்கு மேல் ஏதாவது தேவைப்பட்டால் அது வைராக்கியம். அந்த வைராக்கியம் குடிப்பவனிடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவனுடைய அக்காள் புருஷனிடம் இருந்தால் போதும் என்றும் நம்பினேன். அக்காள் புருஷன் என்பது அடியேன்தான். இந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தில் ஓர் உயிர் போயிருக்க வேண்டியது. எப்படிப் போகாமல் இருந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், திருவனந்தபுரத்தில் நடந்தது இது. சாலை பஜாரில் எனக்குப் பாத்திரக் கடை. வீடு பக்கத்திலேயே ஆரியசாலையில், ஒரு மொத்த வியாபாரக் கடையின் மாடியில். கீழே மிளகாய் மூட்டை இறங்கும் நாளில் மேலே நாங்கள் குடும்பத்தோடு தும்முவோம். விருந்தாளி வந்தால் அவரும் சேர்ந்து தும்மிவிட்டுத்தான் காபி குடிப்பார்.

என் மனைவியின் தம்பி தையல்காரன். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து எங்களை நம்பி வந்து, எங்கள் தெருவிலேயே ஒரு மிஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவன். நல்ல கை அவனுக்கு. அவன் தைத்த சட்டையைப் போட்டால் என் தொந்திகூட ஏதோ பதவியில் இருப்பதுபோலத் தெரியும். ஒரே ஒரு தொழில் குற்றம் உண்டு. எந்தத் துணியை எந்த நாளில் கொடுத்தாலும் "வியாழக்கிழமை வாங்க" என்பான். எந்த வியாழக்கிழமை என்று மட்டும் சொல்ல மாட்டான்.

குடி அவனிடம் மெல்லத்தான் வந்தது. முதலில் வேலை முடிந்த பிறகு. அப்புறம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால். கடைசி இரண்டு வருடம் காலையில் பல் தேய்ப்பதற்கும் முன்னால். யாரையும் அடித்ததில்லை, தெருவில் விழுந்து கிடந்ததில்லை. ஆனால் அவன் மனைவி கைக்குழந்தையோடு தாய் வீட்டுக்குப் போய் எட்டு மாதமாகியும் திரும்பி வரவில்லை. "குடிக்காத மனுசனா வந்து கூப்பிடச் சொல்லுங்க, வாரேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

காலையிலேயே எதற்குடா என்று கேட்டால் ஊசியைக் காட்டுவான். விடிந்ததும் கை நடுங்கும். மிஷின் ஊசியின் காதுக்குள் நூல் போகாது. இரண்டு மடக்கு உள்ளே இறங்கினால் கை கல்லுமாதிரி நிற்கும், நூலும் போகும்.

"குடிச்சா கை நடுங்கும்னு ஊரெல்லாம் சொல்லுதாங்க அத்தான். எனக்குக் குடிக்காட்டாத்தான் நடுங்குது" என்று ஒருநாள் சொன்னான். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். சாக்குச் சொல்வதிலும் இவன் தையல் சுத்தமாக இருக்கிறதே என்று பாராட்டினேன். அவன் தன் நோயை ஒரே வரியில் சொல்லியிருக்கிறான்; எனக்கு அது நகைச்சுவையாகக் கேட்டிருக்கிறது.

கார்த்திகை பிறந்தது. அந்த வருடம் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேரும் மாலை போட்டு மலைக்குப் போவோம், நாற்பத்தொரு நாள் விரதம், ஒரு சொட்டு கூடாது, விரதம் முடியும்போது குடியே மறந்திருக்கும் என்று திட்டம் போட்டேன். மறுப்பான் என்று எதிர்பார்த்துப் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவன் மறுக்கவில்லை. "எனக்கும் விட்டுரணும்னுதான் இருக்கு அத்தான். பிள்ளை தவழுதாம், இன்னும் பாக்கலை" என்றான். என் சொற்பொழிவு வீணாகிப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசியாகக் குடித்தான். ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, கறுப்பு வேட்டி கட்டி, கோவிலில் குருசாமி கையால் மாலை போட்டுக்கொண்டோம். குருசாமி ஓய்வுபெற்ற தபால்காரர். இருபது முறைக்கு மேல் மலைக்குப் போனவர். மாலை போட்ட பிறகு எல்லோரும் எல்லோரையும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். முந்தின நாள் வரை 'ஏல' என்று அழைத்தவனைச் 'சாமி' என்று அழைக்க என் நாக்கு கொஞ்சம் சுளுக்கியது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். நான் வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. ஆனால் மூக்குப்பொடி போடுவேன். மாலை போட்ட பிறகும் போட்டேன். பொடி விரதத்தில் சேராது என்பது என் சொந்த சாஸ்திரம். கடைக்குப் பின்னால் அண்டாக்களுக்கு நடுவில் நின்று ஒரு சிட்டிகை இழுத்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அவனுக்கு வைராக்கியத்தைப் பற்றி வகுப்பெடுத்தேன்.

ஞாயிறு சாயங்காலத்துக்குள்ளேயே அவனுக்கு வேர்க்க ஆரம்பித்தது. கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது போய், தாடை, தோள், முழங்கால் எல்லாம் நடுங்கின. குடித்த காபி அப்படியே வெளியே வந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சாமி, ஒரே ஒரு மூடி. பாட்டில் மூடியிலே. மருந்து மாதிரி. அதுக்கு மேல கேக்க மாட்டேன்" என்றான்.

ஒரு மூடி கேட்டவனுக்கு நான் ஒரு மணி நேரச் சொற்பொழிவு கொடுத்தேன்.

திங்கட்கிழமை அவன் தூங்கவில்லை. சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போட்டது. கீழே மூட்டையைத் தொப்பென்று போட்டால் இவன் மேலே சுவரைப் பிடித்துக்கொண்டான். என் மனைவிக்குத் தாங்கவில்லை.

"என்னங்க, அவன் முகமே சரியில்ல. டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிரலாமா?"

"டாக்டர் என்ன செய்வார்? பாவம் வெளியே போகுது. போகும்போது உதறத்தான் செய்யும்" என்றேன். இந்த வாக்கியத்தை எங்கே படித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. நானே உண்டாக்கியதாக இருக்கலாம். சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்து, போர்த்திவிட்டு, கதவுப் பக்கம் பாயை விரித்து நானே காவலுக்கு உட்கார்ந்தேன். சிறைக் காவலர் வேலைக்குப் போயிருந்தால் பதவி உயர்வோடு ஓய்வு பெற்றிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் பஜனையும் சாப்பாடும். பத்துப் பதினைந்து சாமிமார் வந்திருந்தார்கள். குருசாமியை ஏற்றிவந்த ஆட்டோக்காரர் கீழேயே நின்றார். மலையாளி, காக்கிச் சட்டை, நரைத்த மீசை. விரத வீட்டில் வாசலுக்கு வந்தவர் சாப்பிடாமல் போகக்கூடாது என்பதால் அவரையும் மேலே கூப்பிட்டு ஒரு ஓரமாக உட்கார வைத்தோம். என் வாழ்க்கையில் நான் கடைப்பிடித்த சாஸ்திரங்களில் உருப்படியான பலன் தந்தது அந்த ஒன்றுதான்.

சரணம் சொல்லத் தொடங்கிச் சற்று நேரத்தில் என் மைத்துனன் எழுந்து நின்றான். கண் சிவந்து, யாரையும் பார்க்காமல், எல்லோருக்கும் பின்னால் எதையோ பார்த்தது. உடம்பு முழுக்க உதறல். வேர்வை தாரை தாரையாக இறங்கியது. வலது கையை உயர்த்தி, காற்றிலிருந்து எதையோ இரண்டு விரலால் பிடித்து இழுத்தான். இழுத்ததை வாயில் வைத்து ஈரப்படுத்தினான். இடது கையில் இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் காதுக்குள் விட்டான்.

பிறகு யாரோ, "சாமி வந்துட்டாரு! கன்னிச்சாமி மேல ஐயன் வந்துட்டாரு!" என்று கத்த, வீடே அதிர்ந்தது. சரணகோஷம் கூரையைத் தொட்டது. சத்தம் ஏற ஏற அவன் உதறலும் ஏறியது. உதறல் ஏற ஏற எங்கள் பக்தியும் ஏறியது.

அவன் நடந்து வந்து ஒவ்வொருவர் முன்னாலும் நின்றான். கைகளை விரித்து ஒருவரின் தோளை அளந்தான். இன்னொருவரின் மார்பைச் சுற்றி இல்லாத நாடாவை ஓட்டினான். "நாப்பது... முப்பத்தாறு..." என்று முணுமுணுத்தான். முப்பத்தாறு கிடைத்தவர் என்ன முப்பத்தாறு என்று தெரியாமல் அழுதே விட்டார். "நம்ம பாவத்தை அளக்காரு" என்று ஒருவர் விளக்கம் சொன்னார். மூன்று நாளாக இடுப்பு மடிப்பில் பொடி டப்பாவை வைத்துக்கொண்டு திரிபவன் நான். பாவத்தை அளக்கிற நாடா என்னிடம் வந்தால் என்ன ஆகும்?

வந்தது. என் கழுத்தைச் சுற்றி இரண்டு கையையும் கொண்டுபோனான். அவன் விரல் பட்ட இடம் நெருப்பாகச் சுட்டது. அந்தச் சூட்டையும் அருள் என்றே எடுத்துக்கொண்டேன். "பதினாறரை" என்றான்.

நான் தடாலென்று அவன் காலில் விழுந்தேன். விழுந்தவன் சும்மா விழுந்திருக்கலாம். கிடைத்த வாய்ப்பை விடக்கூடாது என்று, என் கடைக்கு எதிரே புதிதாக வந்திருந்த ஸ்டீல் பாத்திரக் கடை எப்போது மூடப்படும் என்று சாமியிடம் கேட்டேன். சாமி மறுபடியும் "பதினாறரை" என்றது. ஆஹா, பதினாறரை மாதம்! தரையில் நெற்றியை வைத்தபடியே எந்த மாசத்தில் முடிகிறது என்று விரல் விட்டு எண்ணினேன். அதற்குள் அவன் கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாக, "வியாழக்கிழமை வாங்க" என்றான். வியாழக்கிழமை என்ன நடக்கப்போகிறதோ என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் அந்த வார்த்தையைக் கேட்டு அழுதவள் என் மனைவி ஒருத்திதான். "இது அவன் கடையிலே பேசுற பேச்சு... அவன் தைச்சுக்கிட்டு இருக்கான்" என்றாள். யாருக்கும் காதில் விழவில்லை.

ஒருவருக்கு மட்டும் விழுந்தது. ஓரத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரர் எழுந்து வந்து, விழுந்து கிடந்த என் தோளைத் தட்டினார்.

"சேட்டா, ஒண்ணு கேக்கட்டே. இவர் குடி நிறுத்தி எத்தன திவசம் ஆச்சு?"

"மூணாவது நாள்" என்றேன், தரையிலிருந்தபடியே, கொஞ்சம் பெருமையாக.

"எல்லா திவசமும் குடிக்குமோ? ராவிலேயும்?"

"காலையிலேயும்தான்" என்று என் மனைவி சொன்னாள்.

அவர் குனிந்து என் முகத்துக்கு நேரே சொன்னார்: "சேட்டா, இது சாமி இல்ல. குடி நிறுத்தினப்போ எனக்கும் இது வந்தது. என் வீட்டுச் சுவரு மேல எறும்பு போகுதுன்னு விடிய விடியத் தொடச்சேன். எறும்பே இல்ல. இப்போ ஆஸ்பத்திரிக்குப் போகல்லேன்னா ஆளு போயிரும், கேட்டோ."

சாமிமாரில் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மாலை போட்ட சாமியைக் குடிகாரன்கிறான், இவன் யாரு?" என்று எகிறினார்.

ஆட்டோக்காரர் வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினார். ஓரத்தில் ஒரு துண்டு இல்லை. வலிப்பு வந்து அவரே கடித்துக்கொண்டது. அதைப் பார்த்த பிறகு யாருக்கும் சரணம் சொல்லத் தோன்றவில்லை.

குருசாமிதான் முதலில் அசைந்தார். "பிடிங்க சாமி, கீழே இறக்குவோம்" என்றார்.

ஆட்டோவில் பின்னால் நானும் குருசாமியும், நடுவில் அவன். என் மனைவி வேறொரு ஆட்டோவில் பின்னால் வந்தாள். தம்பானூரைத் தாண்டும் முன்பே அவன் உடம்பு வில்லாக விறைத்தது. கண் மேலே போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டி வெட்டி இழுத்தது. வலிப்பு வந்தவன் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டது எனக்கு அப்போதுதானா ஞாபகம் வரவேண்டும்? கடைச் சாவிக் கொத்தை எடுத்து அவன் கைக்குள் திணிக்கப் பார்த்தேன். சாவி குருசாமியின் மடியில் விழுந்தது, எடுத்துத் திணித்தேன், மறுபடி விழுந்தது.

ஆட்டோவை ஓரம் கட்டி இறங்கி வந்த அவர், "சாவி வண்டிக்கா, மனுஷனுக்கா? விடு சேட்டா!" என்று என் கையைத் தள்ளிவிட்டார். என்னை இறக்கிவிட்டு, அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலை கம்பியில் இடிக்காமல் தன் உள்ளங்கையை அடியில் கொடுத்துக்கொண்டார். இழுப்பு நின்றதும் மறுபடி கிளம்பினோம். அந்த இடைவேளையில் நான் நடுரோட்டில் நின்று, போகிற பஸ்ஸையெல்லாம் கும்பிட்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் அவனைக் கட்டிலில் போட்டார்கள். ஊசி போட வேண்டும், குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். அவனோ நினைவில்லாமலே மாலையை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தான். நர்ஸ், "மாலை கழுத்தை அறுக்குது, கழற்றணும்" என்றார். எங்களுக்குள் ஒரே தயக்கம். மலைக்குப் போகாமல் நடுவில் மாலையைக் கழற்றினால் தோஷம் என்று எல்லோருக்கும் பயம். நான் குருசாமியைப் பார்த்தேன். அவர் ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு கிட்டப் போய், தான் போட்ட மாலையைத் தானே கழற்றித் தன் துண்டில் முடிந்துகொண்டார். "தோஷம் உண்டுன்னா அது என்னைச் சேரட்டும். பிள்ளை மூச்சு விடட்டும்" என்றார். அன்று பார்த்தவற்றில் சாமி வந்தது என்று நான் சத்தியம் செய்யக்கூடியது அந்த ஒரு நிமிடத்தைத்தான்.

அவன் கொஞ்சம் அடங்கிய பிறகு, பணியிலிருந்த பெண் டாக்டர் வெளியே வந்தார். என் மகள் என்று சொல்லலாம், அவ்வளவுதான் வயது. "ஒரே நாள்ல நிறுத்தச் சொன்னது யாரு?" என்று கேட்டார். மூன்று நாளாக இந்தக் கேள்விக்குப் பெருமையோடு பதில் சொல்லிக்கொண்டிருந்த நான், அன்றைக்கு ஒரு மாணவனைப்போல விரலை மட்டும் உயர்த்தினேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மலையாளத்தில் நிதானமாக விளக்கினார். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவனுடைய மூளையின் வாயில் மது ஒரு துணியைக் கட்டிவிடுகிறது. எல்லாம் மந்தமாகிறது. ஆனால் மூளைக்கு வேலை நடந்தாக வேண்டும். துணியை மீறிக் கேட்க வேண்டுமே என்று அது கத்தக் கற்றுக்கொள்கிறது. துணி தடிக்கத் தடிக்கக் கத்தலும் கூடுகிறது. இரண்டும் சரிக்குச் சரியாக இருப்பதால் வெளியே பார்த்தால் ஆள் நிதானமாகத் தெரிவான். ஊசியில் நூல்கூடக் கோப்பான். திடீரென்று ஒருநாள் துணியை அவிழ்த்துவிட்டால் மூளைக்கு மெல்லப் பேசத் தெரியாது. அது கத்திக்கொண்டே இருக்கும். அந்தக் கத்தல்தான் நடுக்கம், வேர்வை, காய்ச்சல், இல்லாத எறும்பு, இல்லாத நூல், வலிப்பு. சிலருக்கு அதிலேயே உயிர் போய்விடும்.

"மருந்து கொஞ்ச நாளைக்கு அந்தத் துணியோட வேலையைச் செய்யும். நாங்க அதைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்போம். மூளை மெல்லப் பேசக் கத்துக்கும்" என்றார். ஒரு மூடி, மருந்து மாதிரி என்று அவன் கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது. பாட்டில் மூடி அதற்கு வழியில்லைதான். ஆனால் திடீரென்று நிறுத்தினால் ஏதோ உடையப்போகிறது என்று அவன் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. அவன் கெஞ்சிய நேரத்தில் நான் கைகாட்ட வேண்டிய திசை இந்த ஆஸ்பத்திரி.

"அவனுக்கு வைராக்கியம் கிடையாது டாக்டர், அதான் நான்..." என்று இழுத்தேன்.

"தாகத்தை எத்தன நாள் வைராக்கியத்தால நிறுத்துவீங்க?" என்று கேட்டார். தண்ணீர் கேட்கிற இடம் மூளையில் இருக்கிறது அல்லவா, அந்த இடத்துக்கே குடிதான் தண்ணீர் என்று பாடம் ஏறியிருக்கிறது. ஆசையை விடுவதற்கும் தாகத்தை விடுவதற்கும் வித்தியாசம் உண்டு என்றார். "நிறுத்த நினைச்சது நல்ல காரியம். மாலையும் நல்லதுதான். இங்க வந்து நிறுத்திட்டு அப்புறம் போட்டிருக்கணும்."

சொல்லிவிட்டு என் மூக்கையே பார்த்தார். நான் அவசரமாகத் துடைத்தேன். காலையில் போட்ட பொடி ஓரத்தில் ஒட்டியிருந்திருக்கிறது. "அதை நிறுத்தி எத்தன நாளாச்சு?" என்றார். மூன்று நாள் வைராக்கிய வகுப்பெடுத்த ஆசிரியர் அந்த வராந்தாவில் மிகவும் சின்னவராகிப் போனார்.

வெளியே வந்தால் ஆட்டோக்காரர் போகாமல் வேப்பமரத்தடியில் வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவந்த மனுஷன். "ஆளு எப்படி?" என்று மட்டும் கேட்டார். ஊசி போட்டிருக்கிறார்கள், தூங்குகிறான் என்றேன். "மதி, அது போதும்" என்று தலையாட்டினார். தன்னை மனைவி இதே வாசலுக்குக் கயிற்றால் கட்டி இழுத்து வந்ததாகவும், அன்றைக்கு அவளைக் கொன்றுவிடுவதாகக் கத்தியதாகவும், இப்போது காலையில் அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுப்பதில்லை என்றும் சொல்லிச் சிரித்தார். சிரித்தபோது நாக்கின் அந்த வெட்டு தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் தேற்ற வேண்டியதாயிற்று. நோயாளியோடு வந்த ஆளுக்குத்தான் அன்று அதிகக் கவனிப்பு.

புதன்கிழமை முழுக்க அவன் காற்றில் தைத்துக்கொண்டே இருந்தான். கட்டில் விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து, இல்லாத பித்தானைக் கட்டினான். காய்ச்சல் இறங்கவில்லை. பார்த்துக்கொள்வோம் என்பதைத் தவிர டாக்டர் எதுவும் சொல்லவில்லை. என் மனைவி அவன் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாத நாள் எனக்கு ஓய்வு நாள் என்று கடையில் வேடிக்கையாகச் சொல்லுவேன். அந்த வேடிக்கையை அதற்கப்புறம் சொன்னதில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் கண்ணைத் திறந்தான். அந்தக் கண் எங்களுக்குப் பின்னால் எதையும் பார்க்கவில்லை, எங்களையே பார்த்தது. "அக்கா, பசிக்குது" என்றான். அப்புறம் என்னைப் பார்த்து, "என்ன அத்தான், கறுப்பு வேட்டி? யாரு செத்தா?" என்றான். மாலை போட்டதே அவனுக்கு நினைவில்லை. நான் சிரிக்க ஆரம்பித்து நடுவில் எப்போது அழுகைக்கு மாறினேன் என்று தெரியவில்லை.

அன்றைக்கு வியாழக்கிழமை. தன் தொழில் வாழ்க்கையில் முதல்முறையாக அவன் சொன்ன வியாழக்கிழமையில் சரக்கு கைக்கு வந்திருந்தது.

மூன்று வாரம் போதை மறுவாழ்வு வார்டில் இருந்தான். நான் நினைத்ததுபோல அதோடு எல்லாம் சுபம் என்று ஆகிவிடவில்லை. மனைவியும் பிள்ளையும் திரும்பி வந்தார்கள். அடுத்த ஓணத்துக்கு அவன் மறுபடி குடித்தான். பத்து நாள் ஒளித்து ஒளித்துக் குடித்தான். பதினோராம் நாள் காலை என் கடை வாசலில் வந்து நின்று, "அத்தான், விடணும். தனியா விடக்கூடாதுன்னு சொன்னாங்கல்லா? கூட வாரும்" என்றான். கல்லாவை அப்படியே போட்டுவிட்டுக் கூடப் போனேன். ஒரு வார்த்தை வைராக்கியத்தைப் பற்றிப் பேசவில்லை. அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு தூரம் நான் வாயை மூடிக்கொண்டு போனதில்லை. அதற்குப் பிறகு அவன் குடிக்கவில்லை. மறு வருடம் அதே குருசாமி, துண்டில் முடிந்து பத்திரமாக வைத்திருந்த அதே மாலையை அவன் கழுத்தில் போட்டார். என் பொடி டப்பாவை நான் விட எட்டு முறை முயன்றேன். அந்தக் கதை இவ்வளவு வீரமானதல்ல.

எதிர்க்கடை பதினாறரை மாதத்தில் மூடவில்லை. இன்னும் இருக்கிறது, மாடி வேறு கட்டிவிட்டார்கள். அந்த எண்ணின் பொருள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவன் எனக்கு முதலாவதாகத் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கழுத்துப் பித்தான் இறுக்காமல், தளராமல் வந்து பொருந்தியது. காலர் அளவு பதினாறரை அங்குலம்.

இப்போதும் யாராவது ஒரு குடிகாரனைக் காட்டி, "மனசு வெச்சா ஒரே நாள்ல விட்டுரலாம்" என்று சொல்லும்போது என் கை தானாகக் கழுத்துப் பித்தானுக்குப் போகிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாமி வரவில்லை. ஒரு நோயாளி செத்துக்கொண்டிருந்தான், நான் அவன் காலில் விழுந்து வியாபாரம் கேட்டுக்கொண்டிருந்தேன், சாப்பிட வந்த ஓர் ஆட்டோக்காரர் இலையை விட்டு எழுந்து அவனைக் காப்பாற்றினார்.